விரும்பிய பெயர் கிடைக்காதபோது: பயனர் பெயரைத் தேர்வது எப்படி?

செய்திச் செயலிகளில் இப்போது பயனர் பெயர் ஒரு முகவரியாகிவிட்டது. அலைபேசி எண்ணைக் கொடுக்காமலே ஒருவர் நம்மைத் தொடர்புகொள்ள அது உதவுகிறது. டெலிகிராம் 2014-லேயே இந்த வசதியைக் கொண்டுவந்தது. சிக்னல் செயலி 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. நம் மாணவர்கள் தங்கள் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் பெரும்பாலும் பார்ப்பது ஒரே பதிலைத்தான்: "இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது."

அடுத்த பத்து விநாடிகளில் மாணவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. ஆவடிப் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கும் நான் கவனித்தவரை, பெரும்பாலானோர் பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டைச் சேர்க்கிறார்கள். சிலர் ஊர்ப் பெயரையும், சிலர் பள்ளிப் பெயரின் சுருக்கத்தையும், சிலர் அலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சேர்க்கிறார்கள். செயலி உடனே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எண்ணை மறைப்பதற்காக வந்த ஒரு வசதி, வயதையும் ஊரையும் ஊருக்கெல்லாம் சொல்லும் பலகையாக மாறிவிடுகிறது.

பெயர் ஏன் கிடைப்பதில்லை?

வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் நமக்குச் சிக்கல் இல்லை. வருகைப் பதிவேட்டில் முன்னெழுத்து இருக்கிறது. கார்த்திக் ச. ஒருவர், கார்த்திக் மு. இன்னொருவர். பயனர் பெயரில் நிலைமை வேறு. உலகம் முழுவதற்கும் ஒரே பதிவேடு. ஒரு பெயர் ஒருவருக்கே, முதலில் வந்தவருக்கே. டெலிகிராமின் மாதாந்திரப் பயனாளர் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டியதாக அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2025-இல் அறிவித்தார். அந்தப் பதிவேட்டில்தான் நம் வகுப்புக் கார்த்திக்கும் இடம் தேடுகிறார்.

கணித ஆசிரியர்கள் இதை வரிசைமாற்றப் பாடத்தோடு எளிதாக இணைக்கலாம். டெலிகிராமில் பயனர் பெயருக்குக் குறைந்தது ஐந்து எழுத்துகள் தேவை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டால், ஐந்தெழுத்துப் பெயர்கள் 26-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 1,18,81,376. நூறு கோடிப் பேருக்கு இது எந்த மூலைக்கு? அதிலும் வாயில் நுழையும் சொற்கள் மிகச் சில. ஓர் எழுத்தைக் கூட்டினால் 30,89,15,776 ஆகிறது. ஒவ்வோர் எழுத்தும் இடத்தை 26 மடங்காக்குகிறது. பின்னால் சேர்க்கும் ஈரிலக்க எண் 100 மடங்காக்குகிறது. ஆறெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்த்தால் கணக்கே வேறு. பெயர் கிடைக்கவில்லை என்றால் எண்ணைத் தேடுவதைவிட இன்னொரு சொல்லைத் தேடுவதே அதிக இடம் தரும் என்பது இதிலிருந்து மாணவருக்கே புரியும்.

ஒரு பெயர், எட்டு எழுத்துக்கூட்டல்

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டெலிகிராம், சிக்னல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் பயனர் பெயர் ஆங்கில எழுத்துகளில்தான் அமைய வேண்டும். தமிழ்ச்செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தில் 'எச்' சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. ழகரத்துக்கு 'இசட் எச்' போடுபவர் உண்டு, 'எல்' போடுபவர் உண்டு. சகரத்துக்கு 'சி எச்' ஒரு வழி, 'எஸ்' ஒரு வழி. இந்த மூன்று இடங்களில் மட்டுமே எட்டு வடிவங்கள் வந்துவிடுகின்றன. எட்டும் எட்டுத் தமிழ்ச்செல்விகளிடம் இருக்கலாம். ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியலின் படம் இன்னொன்றுக்குப் போய்ச் சேரலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடக்குவது அரசுக்கே எளிதாக இருக்கவில்லை என்பதற்கு நம் பகுதியே சான்று. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. அம்பத்தூர், எழும்பூர், கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் புதிய வடிவம் பெற்றன. பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்ற வடிவம் ஆங்கிலத்திலும் வந்தது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதில் உடனே விவாதம் எழுந்தது. சில நாள்களிலேயே, ஜூன் 18 அன்று, அரசாணை திரும்பப் பெறப்பட்டது. அன்றைய தமிழ் ஆட்சிமொழித் துறை அமைச்சர் க. பாண்டியராஜன் ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும்கூட. துறை சார்ந்தவர்கள் கூடி முடிவு செய்ததே நிற்கவில்லை என்றால், அலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் எழுதும் மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு ஒரு வழிமுறை தேவை.

புலவர் பெயர்கள் காட்டும் இரண்டு வழிகள்

அந்த வழிமுறை தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். சாத்தனார் என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். ஒருவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஒருவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். ஒருவர் ஆலம்பேரி சாத்தனார். ஒருவர் பெருந்தலைச் சாத்தனார். பெயர் ஒன்றாக இருந்ததால் ஊரும் தொழிலும் அடையாளமும் முன்னால் வந்து நின்று ஆளைப் பிரித்துக் காட்டுகின்றன. இது முதல் வழி.

இரண்டாவது வழி வேறு வகை. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேர் உழவனார். இவர்களின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவரவர் பாடலில் வந்த தொடரே அவரவர் பெயராகிவிட்டது. எந்த ஊர், என்ன வயது, என்ன தொழில் என்று இந்தப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை. ஆனாலும் ஒருவரை இன்னொருவராக எண்ணிக் குழம்ப வாய்ப்பே இல்லை. அணில் ஆடும் முற்றத்தை ஒருமுறை கேட்டவர் மறப்பாரா?

பயனர் பெயருக்கும் இந்த இரண்டு வழிகள்தான். எது யாருக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். பொதுமக்கள் தேடி வரவேண்டிய பள்ளிக் கணக்குக்குச் சாத்தனார் வழி. மாணவரின் தனிப்பட்ட கணக்குக்கு அணிலாடு முன்றிலார் வழி.

மாணவர் கணக்கு: எதையும் சொல்லாத பெயர்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் இயற்பியல் ஐயங்களைக் கேட்க ஒரு செயலியின் பெரிய குழுவில் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், பலரும் முன்பின் அறியாதவர்கள். அவருடைய பயனர் பெயரில் சொந்தப் பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் இருந்தன. குழுவில் ஒரு கேள்வி கேட்ட அன்றே, யாரென்று தெரியாத ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். "ஆவடியில் எந்தப் பள்ளி? பதினாறு வயதுதானே?" என்பதே அந்தச் செய்தி. அவர் எதையும் திருடவில்லை, எதையும் உடைத்து உள்ளே நுழையவில்லை. பெயர்ப்பலகையைப் படித்தார், அவ்வளவுதான். நல்லவேளையாக மாணவி அதை அம்மாவிடம் காட்டினார்; அம்மா எங்களிடம் வந்தார். அந்த ஆளைத் தடுத்தோம், பெயரை மாற்றினோம், எண் யாருக்கும் தெரியாதபடி அமைப்பைத் திருத்தினோம். மாணவி அதே குழுவில் தொடர்ந்து படித்தார். இதில் மாணவியின் தவறு எதுவும் இல்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொன்னோம். அதைச் சொன்னால்தான் அடுத்த மாணவியும் துணிந்து வந்து சொல்வார்.

எனவே மாணவர் பெயரில் சேர்க்கக் கூடாதவை:

1. பிறந்த ஆண்டு அல்லது நாள்.
2. ஊர், தெரு, பள்ளி, வகுப்பு.
3. அலைபேசி எண், தேர்வு எண், எமிஸ் எண் ஆகியவற்றின் எந்தப் பகுதியும்.
4. சாதி, மதம், கட்சி, நடிகர் ரசிகர் மன்றம் ஆகியவற்றைக் குறிக்கும் சொல். இவை தேவையற்ற வம்பை வரவழைக்கும்.

சிக்னல் செயலியில் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் குறைந்தது இரண்டு இலக்கங்களும் கட்டாயம். அதனால் அங்கே விரும்பிய பெயரே பெரும்பாலும் கிடைத்துவிடும். எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அந்த எண் பிறந்த ஆண்டாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். செயலி தானாகத் தரும் எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது.

பயனர் பெயர் வைத்துவிட்டதால் மட்டும் எண் மறைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு செயலிகளிலும் கணக்குத் தொடங்க அலைபேசி எண் தேவை. 'என் எண்ணை யார் பார்க்கலாம்', 'எண்ணை வைத்து என்னை யார் தேடலாம்' என்ற இரண்டு கேள்விகளும் தனியுரிமை அமைப்புகளில் இருக்கும். இரண்டையும் திறந்து பார்த்து மாற்ற வேண்டும்.

பள்ளிக் கணக்கு: எல்லாம் சொல்லும் பெயர்

பெற்றோருக்கான அறிவிப்புக் கணக்கு இதற்கு நேர் எதிர். பெயரைப் பார்த்ததும் இது எந்தப் பள்ளி என்று தெரிய வேண்டும். பள்ளியின் வகையும் ஊரும் பெயரில் இருக்கட்டும். ஆனால் மாறக்கூடியவற்றைச் சேர்க்காதீர்கள். அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர் வட்டம் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடி நகராட்சி 2019-இல் மாநகராட்சியானது. மாவட்டத்தையோ உள்ளாட்சியின் பெயரையோ சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மாற்ற நேர்ந்திருக்கும். கல்வியாண்டையும் தலைமையாசிரியர் பெயரையும் சேர்ப்பதும் அப்படித்தான்.

அளவுக்கு மீறிச் சுருக்குவதும் உதவாது. நம் புறநகர் ரயில் பாதையில் ஆவடியின் குறியீடு ஏ.வி.டி.; அதைக் கேட்டால் ஊர் தெரிகிறது. அரக்கோணத்தின் குறியீடு ஏ.ஜே.ஜே.; தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். பெற்றோருக்கு அப்படி அல்ல.

பெயரை மாற்றுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. நாம் விட்டுவிட்ட பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிச் சுவரிலும் மாணவர் நாட்குறிப்பிலும் பழைய பெயர் எழுதப்பட்டிருந்தால், பெற்றோர் புதிய ஆளிடம் போய்ச் சேர்வார்கள். "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று அங்கிருந்து ஒரு செய்தி வந்தால், பள்ளிதான் கேட்கிறது என்று நம்பிவிடுவார்கள். ஆகவே பள்ளிக் கணக்கின் பெயரை ஒருமுறை யோசித்து வையுங்கள், பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், எழுதி வைத்த இடங்களையெல்லாம் முதலில் திருத்திவிட்டு, பெற்றோருக்கும் அறிவித்துவிட்டு மாற்றுங்கள்.

ஒத்த தோற்றமுள்ள பெயர்களும் மோசடிக்கு வழி. டெலிகிராமில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கணக்கில் வராது. ஆனால் திரையில் எழுதியபடியே தெரியும். சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' போட்டால் பல அலைபேசிகளில் கண்ணுக்கு ஒன்றாகவே படும். 'ஓ' எழுத்தும் சுழியமும், ஒட்டி எழுதிய 'ஆர் என்' இரண்டும் 'எம்' எழுத்தும் இதே வகை. பள்ளியின் பெயரில் இவை குறைவாக இருப்பது நல்லது. பெற்றோர் பெயரைத் தட்டச்சு செய்வதைவிட, பள்ளி ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டை வருடிச் சேர்வது இன்னும் பாதுகாப்பு.

சில குறுகிய பெயர்கள் விலைக்கு வருவதையும் மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். டெலிகிராம் பெயர்கள் 2022 முதல் ஃபிராக்மென்ட் என்ற தளத்தில் ஏலம் போகின்றன. "நீ கேட்ட பெயரை வாங்கித் தருகிறேன், பணம் அனுப்பு" என்று தனிச்செய்தியில் வருபவரை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மூன்று சோதனைகள்

பெயரை உறுதி செய்யும் முன் மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, காதுச் சோதனை. பெயரைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் முதல் முறையே சரியாக எழுத வேண்டும். நம் பேச்சில் 'டி' என்றால் டெல்லி டியா, டைகர் டியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்று மகனின் ஆசிரியரிடம் பேசும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோடு, புள்ளி, இரட்டை எழுத்து எல்லாம் அவருக்குச் சுமை.

இரண்டாவது, கண் சோதனை. எழுதிப் பார்த்தால் வேறொரு பெயராகவோ வேறொரு சொல்லாகவோ படிக்க இடமிருக்கிறதா? சொற்களைச் சேர்த்து எழுதும்போது நடுவில் விரும்பாத சொல் முளைக்கிறதா?

மூன்றாவது, அந்நியர் சோதனை. என்னைத் தெரியாத ஒருவர் இந்தப் பெயரை மட்டும் பார்த்தால் என்னைப் பற்றி எத்தனை செய்திகளைச் சொல்ல முடியும்? மாணவர் கணக்குக்கு விடை சுழியமாக இருக்க வேண்டும்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பு முதல் இதைச் செய்யலாம். அலைபேசி தேவையில்லை; தாள் போதும். உண்மையான பயனர் பெயர்களை யாரும் எழுத வேண்டாம். அதுவே பாடத்தின் முதல் விதி.

முதல் பத்து நிமிடம்: கரும்பலகையில் கற்பனைப் பெயர் ஒன்றை, பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். அந்த ஆளைப் பற்றி என்னென்ன தெரிகிறது என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பட்டியல் நீள்வதைப் பார்ப்பதே மாணவருக்குப் பாடம்.

அடுத்த பத்து நிமிடம்: அணிலாடு முன்றிலார் போன்ற பெயர்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிட்டு, தினமும் கண்ணில் படும் ஒரு காட்சியை இரண்டே சொற்களில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் 'நாவல் நிழல்', 'மாடிப் புறா', 'பம்பரக் கயிறு' என்றெல்லாம் வந்தன.

மூன்றாவது பத்து நிமிடம்: ஒருவர் தன் சொல்லை வாயால் சொல்ல, மற்றவர்கள் ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். எத்தனை வடிவங்கள் வந்தன என்று எண்ணுங்கள். 'நாவல் நிழல்' என்றதும் ழகரத்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 'நாவல் மரம்' என்று மாற்றியதும் பெரும்பாலோர் ஒரே மாதிரி எழுதினார்கள். ழ, ள, ண, நெடில், இரட்டித்த மெய் ஆகியவை குறைவாக உள்ள சொற்கள் இந்த வேலைக்கு ஏற்றவை என்பதை மாணவர்களே கண்டுசொன்னார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு படிக்கும் பிள்ளைகள் தங்கள் மொழிச் சொற்களை இந்த விளையாட்டில் சேர்த்தால் வகுப்புக்கே புதிய சொற்கள் கிடைக்கும்.

கடைசிப் பத்து நிமிடம்: மூன்று சோதனைகளையும் தாளில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அம்மா, அப்பா, அக்கா யாருடைய பெயர் என்றாலும் சோதித்துப் பார்க்கட்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வயது 13 என்பதையும் அதே தாளில் குறிப்பிடலாம்.

தாளின் அடியில் மூன்று எண்கள் இருக்கட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பண மோசடி நடந்தால் 1930. கல்வி தொடர்பான ஐயங்களுக்கும் ஆலோசனைக்கும் 14417. நான்காவதாக ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "யாராவது தொந்தரவு செய்தால் செய்தியை அழிக்காமல், பதில் அனுப்பாமல், வகுப்பாசிரியரிடம் காட்டு. உன்னைத் திட்ட மாட்டோம்."